மறுக்கத் தெரிந்த காவல்

ஓரிடத்தில் நிலைத்து நிற்கும் வீட்டுக்கு மின்சாரம் வரும் வழி ஒன்றேயாகும். எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது, எந்தக் கோடை மாலையில் விளக்கு மங்கும், எந்த மழைக்கு எங்கே கம்பி அறும் என்பதெல்லாம் சில ஆண்டுகளில் அவ்வீட்டாருக்குப் பழகிவிடும். பழுது நேர்ந்தால் அழைப்பதற்குத் தெரிந்த மின்பணியாளர் ஒருவரும் இருப்பார். சக்கரத்தின் மேல் அமைந்த வீட்டுக்கோ இவ்வசதி இல்லை. இன்று ஓர் ஊர். அடுத்த மாதம் மற்றோர் ஊர். முன்பின் அறியாத ஒருவர் பொருத்தி வைத்த துளைகளில் தன் கம்பியைச் செருகி, அவர் ஒழுங்காகத்தான் பொருத்தியிருப்பார் என்று நம்பித் துயிலவேண்டிய வீடு அது.

அமெரிக்க நாட்டில் ஆர்.வி. என்று வழங்கப்படும் இவ்வீட்டு வண்டிகளை நம் வாசகர்கள் மனக்கண்ணில் காண்பது கடினமன்று. திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுப்பதற்காகப் படப்பிடிப்புத் தளங்களில் நிறுத்தப்படும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு அதன் உள்ளமைப்பு ஏறக்குறைய விளங்கும். படுக்கை, சமையலறை, குளியலறை, குளிர்பதனப் பெட்டி, கூரை மேல் ஏ.சி. ஆகிய யாவும் அதனுள் அடக்கம். இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களிலேயே அவற்றின் பெரும்பகுதி உருவாகிறது. விடுமுறைக் காலத்து உல்லாசத்துக்கு மட்டுமே அவை பயன்படுகின்றன என்று எண்ணிவிடலாகாது. வேலை அழைக்கும் இடத்துக்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்து செல்லும் உழைப்பாளர் பலருக்கு அதுவே நிலையான இல்லம்.

நம் மகனும் அவர்களுள் ஒருவன். டெக்சஸ் மாநிலத்தின் வளைகுடாக் கரையிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுபவன். ஒரு வேலை முடிந்தால் மறு வேலை நூறு மைலுக்கு அப்பால் இருக்கும். ஆதலால், பழைய வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, மனைவியுடனும் இரண்டு வயது மகனுடனும் அதிலேயே வாழ்ந்து வருகிறான். 2023ஆம் ஆண்டுக் கோடையில் நாமும் நம் இல்லாளும் இரண்டு மாதங்கள் அவர்களோடு தங்கியிருந்தோம். அவ்வண்டிக்கு ஒரு மின்காவல் கருவி வாங்கவேண்டும் என்ற பேச்சு நாம் சென்ற முதல் வாரத்திலேயே எழுந்தது. அதனையொட்டி நாம் அறிந்துகொண்டவற்றை, அயல்நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறோம்.

கடையில் இரு வகைக் கருவிகள் இருந்தன. ஒன்று நூறு டாலர் அளவில் கிடைப்பது. மற்றொன்று அதைப்போல் மூன்று மடங்கு விலை. இரண்டும் பார்வைக்குப் பெரிய வேறுபாடின்றி, கறுப்பு நிறத்தில், ஒரு முனையில் செருகியும் மறுமுனையில் துளையுமாகத் தோன்றின. இரண்டின் மீதும் சர்ஜ் புரொடக்டர் என்னும் சொல்லே பொறிக்கப்பட்டிருந்தது.

“பெயர் ஒன்றாயிருக்கும்போது விலை ஏன் மூன்று மடங்கு?” என்று வினவினோம்.

“அத்தா, விலை குறைந்தது அடியைத் தாங்கும், விலை கூடியது வேண்டாமென்று மறுக்கும்” என்றான் மகன்.

அவ்விடை அப்பொழுது நமக்கு முழுமையாக விளங்கவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக விளங்கிற்று.

சர்ஜ் எனப்படுவது மின்னெழுச்சி. எங்கோ இடி விழும்போதோ, மின்வழிப் பாதையில் பெருஞ்சுமை ஒன்று திடீரென இணையும்போதோ அகலும்போதோ, கம்பியில் சில ஆயிரம் வோல்ட் அளவில் ஓர் அலை ஓடிவரலாம். ஒரு நொடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் சிறு கூறுகள் சிலவே அதன் ஆயுள். அதனைத் தடுக்க, துத்தநாக ஆக்சைடால் செய்த சிறு வில்லைகளைப் பயன்படுத்துகின்றனர். வேரிஸ்டர் என்று பெயர் பெறும் இவ்வில்லை 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவாக்கப்பட்டது. இயல்பான மின்னழுத்தத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாது. அளவு மீறினால் நொடிப்பொழுதில் வழிவிட்டு, மிகுதியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். எவ்வளவு வாங்கும் என்பதை ஜூல் என்னும் அளவால் குறிப்பர். 2400 ஜூல் என்றால் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 100 வாட் விளக்கு 24 நொடிகளில் செலவிடும் ஆற்றலே அது. அன்றியும், வில்லை ஒவ்வோர் அடி வாங்குந்தோறும் சிறிது தேய்கிறது. ஒரு நாள் தீர்ந்தும் போகிறது. ஆகவே, தீர்ந்ததை அறிவிக்கும் விளக்கு உண்டா, வில்லைத் தொகுதியை மட்டும் மாற்ற இயலுமா, யூ.எல். 1449 என்னும் தரக்குறிப்பு உண்டா என்று பார்த்து வாங்கவேண்டும். அக்குறிப்பின்கீழ், எழுச்சியை எத்தனை வோல்ட்டாகக் குறைத்து உள்ளே விடுகிறது என்பதற்கு 330, 400, 500, 600 எனப் படிகள் உண்டு; எண் குறையக் குறையக் காவல் மிகும். நேரே தலைமேல் விழும் இடிக்கு இவற்றுள் எதுவும் ஈடுகொடாது. இடி மழை நெருங்கினால், முதல் முழக்கத்துக்கு முன்பே கம்பியைக் கழற்றி வைப்பதே அறிவுடைமை.

விலை குறைந்த கருவி செய்யும் வேலை இவ்வளவே. இது வீண் வேலையன்று. ஆயினும், வீட்டு வண்டிகளைப் பாழாக்குவது பெரும்பாலும் இடியன்று. ஓசையே இல்லாத வேறு பிழைகள்.

அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். வண்டிகள் தங்கும் திடலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறுங்கம்பம் நாட்டி, அதில் துளைப்பெட்டி வைத்திருப்பார்கள். சிறிய வண்டிக்கு மூன்று முனையுள்ள 30 ஆம்பியர் இணைப்பு. அதன் கொள்ளளவு 3600 வாட். பெரிய வண்டிக்கு நான்கு முனையுள்ள 50 ஆம்பியர் இணைப்பு. அதில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு இருப்பதால் மொத்தம் 12,000 வாட். இவ்விரு கம்பிகளுக்கும் இடையே உள்ளது 240 வோல்ட். அந்த 240ஐச் சரிபாதியாகப் பங்கிட்டு நிறுத்துவது நியூட்ரல் என்னும் பொதுக் கம்பி. அந்த ஒரு கம்பி தளர்ந்து அறுந்தால் என்ன ஆகும்? ஒரு புறம் 1500 வாட் ஏ.சி.யும், மறுபுறம் 150 வாட் தொலைக்காட்சியும் ஓடுகின்றன என்று கொள்வோம். பங்கிடுவார் இல்லாமையால், வலியது 22 வோல்ட் அளவே பெற்று நிற்க, எளியதன் தலையில் ஏறத்தாழ 218 வோல்ட் விழும். நொடியின் சிறு கூறுக்கென்று படைக்கப்பட்ட வேரிஸ்டர் வில்லை, நிமிடக் கணக்கில் நீடிக்கும் இச்சுமையைத் தாங்காது கருகும். கருகினாலும் இணைப்பைத் துண்டிக்கும் ஆற்றல் அக்கருவிக்கு இல்லை.

இது வெறும் கணக்கன்று. நம் மகனின் வண்டிக்கு மூன்றாவதாக நின்ற பெரிய வண்டியில் வெல்டர் ஒருவர் குடும்பத்துடன் இருந்தார். ஒரு நாள் மாலை அவருடைய வண்டிக்குள் விளக்குகள் சில பளீரென்று எரிந்து அணைந்தன. சில மங்கிக் கிடந்தன. மைக்ரோவேவ் அடுப்பு, தொலைக்காட்சி, பேட்டரிக்கு மின்னேற்றும் கன்வெர்ட்டர், ஏ.சி.யின் மின்பலகை ஆகியவை ஒரே வேளையில் கெட்டன. கம்பத்துப் பெட்டியில் நியூட்ரல் திருகு தளர்ந்து கருகியிருந்தது. அவரிடமும் ஒரு கருவி இருந்தது, விலை குறைந்த வகை. அது தன் கடமையைச் செய்து, எரிந்தும் போயிருந்தது. திடலின் பொறுப்பாளரோ தம்மேல் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத் தாளைச் சுட்டிக்காட்டினார். ஆறு மாதச் சேமிப்பு அன்று மாலை அக்குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று.

விலை கூடிய வகையை மின் மேலாண்மைக் கருவி என்கின்றனர். புரொகிரசிவ் இண்டஸ்ட்ரீஸ், ஹியூஸ், சவுத்வயர் ஆகிய நிறுவனங்கள் அதனைச் செய்கின்றன. அதனுள்ளும் வேரிஸ்டர் வில்லைகள் உண்டு. அவற்றோடு, மின்சாரத்தை உள்ளே விடுமுன் சோதித்துப் பார்க்கும் அறிவும், தகாததாயின் துண்டிக்கும் கையும் உண்டு. கம்பிகள் இடம் மாறியுள்ளனவா, எர்த் கம்பி இணைந்துள்ளதா, நியூட்ரல் முறையாக உள்ளதா என்று பார்க்கும். 120 வோல்ட் துளையில் எவரேனும் தவறாக 240ஐ இணைத்திருந்தால் கதவைத் திறவாது. 30 ஆம்பியர்த் துளையை வீட்டுத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் துளையென மயங்கி, 240 வோல்ட் கொடுத்துவிடும் மின்பணியாளர்கள் அந்நாட்டிலும் உளர். மின்னழுத்தம் 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் 132க்கு மேலே ஏறினாலும் இத்தகைய கருவிகள் பல துண்டித்துவிடும். மீண்டும் சீரான பின்னரும் சிறிது நேரம் காத்திருந்தே இணைக்கும், ஏ.சி.யின் கம்ப்ரஸர் இளைப்பாறாமல் உடனே எழுந்தால் திணறும் என்பதற்காக.

மருமகளுக்கும் மகனுக்கும் இடையே இரண்டு நாள் பேச்சு நடந்தது. அம்மாதம் வண்டிக்கு இரு சக்கரங்கள் வாங்கவேண்டியிருந்தது. முந்நூறு டாலர் சிறு தொகையன்று. இறுதியில் மருமகளே, “மாமா, அந்த வெல்டர் வீட்டுச் சாமான்களை வெளியே எடுத்து வைத்ததைப் பார்த்தேன். சக்கரம் ஒரு மாதம் பொறுக்கும், இது பொறுக்காது” என்றார். விலை கூடியதே வாங்கப்பட்டது.

ஆனால் கருவியை வாங்குவது பாதி வேலையே. அது சொல்வதைக் கேட்பது மறுபாதி. அந்த மறுபாதியே கடினமானது என்பதை ஆகஸ்டு மாதம் நமக்குக் காட்டிற்று.

வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் கடந்த நாள்கள் அவை. பிற்பகல் மூன்று மணிக்குமேல் திடலிலுள்ள எல்லா வண்டிகளிலும் ஏ.சி. ஓடும். பழைய மின்வழி அத்தனை சுமையைத் தாங்காமல் மின்னழுத்தம் 110, 107, 105 என்று இறங்கும். 103ஐத் தொட்டதும் நம் கருவி ஒரு சிற்றொலியுடன் துண்டிக்கும். பின்பு சற்று ஏறும், காத்திருந்து இணைக்கும், ஏ.சி. எழும், மீண்டும் இறங்கும், மீண்டும் துண்டிக்கும். அரை மணி நேரத்துக்குள் வண்டியின் உட்புறம் அடுப்பு போலாயிற்று. குழந்தை வியர்த்து அழுதது.

பக்கத்து வண்டிக்காரர் நல்லெண்ணத்துடன் வந்து, “அந்தக் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகச் செருகுங்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம்” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அன்று நேராகச் செருகியவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் நேரவுமில்லை. குறைந்த மின்னழுத்தத்தின் இயல்பு அது. வோல்ட் குறையும்போது, தன் வேலையைச் செய்துமுடிக்க மோட்டார் கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது. அதனால் அதன் சுருள் சூடேறுகிறது. சுருளின் காப்புறை சிறுகச் சிறுக நைகிறது. தீங்கு இன்று புகுகிறது. இறப்பு என்றோ வருகிறது. காரணமும் விளைவும் நாள்கணக்கில் பிரிந்து நிற்பதால், மனிதர் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை.

அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மகன் கம்பத்தின் முன் சிறிது நேரம் நின்றான். கழற்றிச் செருக ஒரு நிமிடம் போதும். நாமும் வாய் திறக்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்த பின் எதைச் சொல்வது? பின்னர் அவன் திரும்பி வந்து, “எல்லோரும் வண்டியில் ஏறுங்கள். நூலகத்துக்குப் போவோம்” என்றான். அந்நாட்டுப் பொது நூலகங்கள் குளிரூட்டப்பட்டவை, கட்டணமில்லை. மாலை வரை அங்கே இருந்தோம். மறுநாளும் அவ்வாறே. வெந்நீர்க் கலமும் குளிர்பதனப் பெட்டியும் எரிவாயுவில் ஓடும்படி மாற்றப்பட்டன. மைக்ரோவேவ் அடுப்பை மூடி வைத்தார்கள். ஆயினும் குறை நம் வண்டியில் இல்லை, திடலில் இருந்தது. மூன்று பிற்பகல்களில் கருவி காட்டிய எண்களை மகன் நேரத்துடன் ஒரு தாளில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தான். வாய்ச்சொல்லுக்கு அசையாதவர்கள் எண்களுக்கு அசைந்தார்கள். நான்காம் நாள், டிரான்ஸ்ஃபார்மருக்கு அண்மையிலுள்ள வரிசையில் வேறோர் இடம் கிடைத்தது. அங்கே கடும் பிற்பகலிலும் 110க்குக் கீழே இறங்கவில்லை.

தாழ்ந்த மின்னழுத்தத்தைப் பத்து விழுக்காடு உயர்த்தித் தரும் ஆட்டோஃபார்மர் என்னும் சாதனமும் உண்டு. நம் வீடுகளிலுள்ள ஸ்டெபிலைசரின் உறவினர் என்று அதனைச் சொல்லலாம். ஆனால், வோல்ட்டை உயர்த்தித் தருவதற்கு ஈடாக அது கம்பத்திலிருந்து கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஏற்கெனவே தளர்ந்த மின்வழிக்கு அது மேலும் ஒரு சுமை. தேவைப்படுவோர் அறிந்து வாங்கவேண்டிய பொருள் அது, மின்காவலுக்கு மாற்றன்று.

தேர்வு செய்வோர்க்குச் சில குறிப்புகள் கூறுவோம். கருவியின் ஆம்பியர் வண்டிக்கு ஏற்ப அமையவேண்டும், திடலுக்கு ஏற்பவன்று. 50 ஆம்பியர் வண்டிக்கு 50 ஆம்பியர்க் கருவியே தகும். 30 துளை மட்டும் கிடைக்குமிடத்தில் இணைப்பான் கொண்டு அதனையே பயன்படுத்தலாம். கையில் எடுத்துச் செல்வது, வண்டிக்குள் நிலையாகப் பொருத்துவது என இரு வடிவங்கள் உண்டு. முன்னதைக் கம்பத்திலேயே மாட்டுவதால் மழைக்கும் திருட்டுக்கும் ஆளாகும். வண்டியைச் செருகுமுன் தனியே சோதிக்கலாம் என்பது அதன் நன்மை. பின்னது பாதுகாப்பாக இருக்கும். உரிய இடத்தில் பொருத்தினால் ஜெனரேட்டர் மின்சாரத்தையும் சோதிக்கும். சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படாமையால் கருவி எர்த் இல்லை என்று மறுக்கும். அதற்கென இணைப்புச் செருகி ஒன்று விற்கிறது.

செருகும் முறையும் முக்கியம். முதலில் கம்பத்துப் பிரேக்கரை அணைக்கவேண்டும். துளைகள் கருகியோ உருகியோ இருந்தால் அவ்விடமே வேண்டாம். கருவியை மட்டும் செருகிப் பிரேக்கரைப் போட்டு, அது சொல்லும் எண்ணையும் குறியையும் படிக்கவேண்டும். சரியாயின், மீண்டும் அணைத்து, வண்டியின் கம்பியைச் செருகி, அதன்பின் போடவேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று எஞ்சுகிறது. எர்த் கம்பியில்லாத பழைய துளையில், எவரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் முடிந்துவைத்து, ஃபேஸ் கம்பியையும் நியூட்ரலையும் மாற்றியும் இணைத்திருந்தால், சோதனை விளக்குகள் யாவும் சரி என்றே காட்டும். வண்டியின் உலோக உடலிலோ 120 வோல்ட் நிற்கும். கருவி எர்த் கம்பியைத் துண்டிப்பதில்லையாதலால் இதனை அது தடுக்கவும் இயலாது. ஈரப் புல்லில் வெறுங்காலுடன் நிற்கும் குழந்தை கதவின் கைப்பிடியைப் பிடித்தால் என்னாகும் என்று எழுதவேண்டியதில்லை. வீட்டு வண்டிகளின் மின்பாதுகாப்பைப் பற்றிப் பல்லாண்டுகளாக எழுதிவரும் மைக் சோகோல் என்பவர் இவ்வாபத்தை விடாது எடுத்துரைத்து வருகிறார். தொடாமலே மின்சாரத்தை உணரும் பேனா வடிவச் சோதனைக் கருவியை வண்டியின் உடலருகே கொண்டுசென்று பார்ப்பதே இதற்கு வழி. அது ஒலித்தால், கைகள் வண்டியைத் தொடாமல், பிரேக்கரை அணைத்துவிட்டு அலுவலகத்துக்குச் செல்லவேண்டும். ஒவ்வொரு புதிய இடத்திலும் குழந்தையைக் கீழே இறக்குமுன் நம் மகன் அதனைச் செய்கிறான்.

ஆகவே, இக்கருவிகளை வாங்குவோர் பெட்டியின் மேலுள்ள ஜூல் எண்ணைக் கண்டு மயங்காமல், “இது எதை எதை மறுக்கும்?” என்று முதலில் வினவவேண்டும் என்பது நம் கருத்து. அடுத்தபடியாக, “அது மறுக்கும்போது நாம் கேட்போமா?” என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளவேண்டும். இரண்டாம் வினாவுக்கு ஆம் என்று சொல்ல இயலாதவர் முந்நூறு டாலர் கொடுத்து வாங்கியும் பயனில்லை. முதல் கடும் பிற்பகலில் அதனைக் கழற்றிவிடுவார்.